குத்தகைக் குரல்

“இன்னும் எத்தனை நாளைக்கு மூடி மறைப்பீய? என் தம்பி எப்படிச் செத்தான்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு அங்கன நின்னது நீங்க, நீங்கதான் அந்த…”

செண்பகாவின் குரல் அத்தோடு நின்றது.

“கத்தாத ஏட்டி. எனக்கும் மேல இருக்கவன் சொன்னான். சொன்னதுக்கு நான்…”

கார்த்தீசனின் குரலும் நின்றது.

சுவருக்கு இந்தப் பக்கம் கோமதி, அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டுக் காதைச் சுவரில் ஒட்டினாள். அமெரிக்காவில் சுவர் என்று சொல்வதெல்லாம் அட்டைதான். பக்கத்து வீட்டில் தாளிக்கிற கடுகை இங்கிருந்தே எண்ணிவிடலாம். ஆனால் இப்போது எதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலி இழுபட்டது, ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது, யாரோ மூச்சு வாங்கினார்கள். சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது, சத்தம்தான் போய்விட்டது. இப்படி முக்கியமான இடத்தில் நின்றுபோனால் மனுஷி எப்படிச் சோறு பொங்குவாள் என்று கோமதிக்கு எரிச்சலாக வந்தது.

நியூ ஜெர்சியில் ரயில்பாதையை ஒட்டிய அந்த அடுக்குமாடியில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களில் பாதிப் பேர் கழுத்தில் ‘பொட்டு’ இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். தொண்டைக்குழிக்குக் கீழே தபால்தலை அளவில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பு வில்லையைப் பெண்கள் பொட்டு என்று சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அந்த அடுக்குமாடியில் தாலி இல்லாத கழுத்தைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; பொட்டு இல்லாத கழுத்தைப் பார்த்தால், ‘இவருக்கு வேலை போய்விட்டதோ’ என்று விசாரிப்பார்கள். கோமதிக்குப் பொட்டு கிடையாது. அவள் எங்கும் வேலை பார்க்கவில்லை. அவள் வாய்க்கு விலை வைக்க இதுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்பார் அவள் கணவர்.

செண்பகா, அவள் புருஷன் கார்த்தீசன், அவள் தம்பி இசக்கிராஜா, மூன்று பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. இறைச்சியையும் காய்கறியையும் உறையவைத்து நாடு முழுக்க அனுப்புகிற குளிர்க்கிடங்கு. இரண்டு வாரத்துக்கு முன் இசக்கிராஜாவை அந்தக் கிடங்குக்குள்ளிருந்து விறைத்த உடம்பாக வெளியே கொண்டுவந்தார்கள். விதியை மீறித் தானாக உள்ளே போனான், சாவுக்கு அவனே பொறுப்பு என்று கம்பெனி அறிக்கை விட்டது. துக்கம் கேட்கப் போன கோமதி இட்லியும் கொண்டுபோனாள், நாலு கேள்வியும் கொண்டுபோனாள். இட்லியை வாங்கிக்கொண்டார்கள். கேள்விக்குச் செண்பகா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

பொட்டின் வேலை அதுதான். மூளையிலிருந்து இறங்கி வருகிற சொல்லை அது வழியிலேயே பிடித்துவிடும். கம்பெனியைப் பற்றிய பேச்சு என்றால் குரல் நின்றுபோகும், எழுதப் போனால் விரல் விறைக்கும், தலையாட்டப் பார்த்தால் கழுத்து மரத்துவிடும். மற்றபடி எதை வேண்டுமானாலும் பேசலாம். முதலில் வந்தபோது, இதற்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்று நம் ஆட்கள் சிரித்துக்கொண்டேதான் கழுத்தை நீட்டினார்கள். அதற்குத் தமிழ் மட்டுமல்ல, கோவில்பட்டித் தமிழ் வேறு, காரைக்குடித் தமிழ் வேறு என்றுகூடத் தெரிந்திருந்தது.

சண்டை நடந்த மூன்றாம் நாள், கோமதி அழுக்குக் கூடையோடு தரைத்தளத்துக்கு இறங்கினாள். எல்லா வீட்டுக்கும் பொதுவான துவைக்கிற அறை அது. உள்ளே செண்பகா, ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏ மூதி, வெளிய நின்னு பூட்டுனியே, உள்ள கெடக்கது துணியா, ஒருத்தி பெத்த பிள்ளையான்னு எட்டிப் பாத்தியா? கதவு தெறந்தா குளிர் போயிரும்னு உன் மொதலாளி சொன்னான். உடனே பூட்டிருவியோ? உள்ள இருந்து தட்டுத சத்தம் கேட்டுச்சுல்லா? கேட்டும் கல்லு மாதிரி நின்னுட்டு, வீட்டுக்கு வந்து சோத்த வேற திங்க.”

கோமதியின் கையிலிருந்த கூடை சாய்ந்தது. வாஷிங் மெஷினுக்கு ஏது குளிர், ஏது முதலாளி, அது எந்த வீட்டுக்குப் போய் எந்தச் சோற்றைத் தின்றது? இது ஜாடைப் பேச்சு. அம்பாசமுத்திரத்தில் வாக்கப்பட்டு வந்த புதிதில், கொழுந்தன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை நேராகச் சொல்லாமல், கோழியைத் திட்டியே மூன்று வருஷம் அழவைத்தவள் கோமதி. எதிராளியைப் பார்க்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, கேட்கிறவளுக்கு மட்டும் சுருக்கென்று தைக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி.

செண்பகா திரும்பிப் பார்த்தாள். அவள் கண் விரிந்திருந்தது. இவ்வளவு பேசியும் குரல் நிற்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. பொட்டு சொல்லுக்குப் பொருளைப் பார்த்தது. அவள் யாரை மனதில் வைத்துச் சொன்னாள் என்பதைப் பார்க்கவில்லை.

கோமதி சோப்புத்தூள் டப்பாவை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, அதனிடம் கேட்டாள்: “ஏன், அந்தக் கதவு இன்னமும் அப்படித்தான் பூட்டுதாமா?”

“இன்னைக்கும் பூட்டுது,” என்றாள் செண்பகா மெஷினிடம். “இப்பவும் உள்ள பத்திருபது துணி கெடக்கு.”

கோமதிக்கு எல்லாம் விளங்கியது. வேலைக்காரர்கள் அடிக்கடி வெளியே வந்து குளிரைக் கெடுக்கிறார்கள் என்று கிடங்கை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டியது அந்த ஷிப்டின் மேஸ்திரியான கார்த்தீசன், மைத்துனன் உள்ளே இருந்தபோது. இசக்கிராஜா தட்டியிருக்கிறான். மேலிடத்து உத்தரவு இல்லாமல் திறக்க இவன் பயந்திருக்கிறான். உத்தரவு வருவதற்குள் தட்டுவது நின்றிருக்கிறது.

இதைக் கோமதி யாரிடமும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டாம் மாடி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் இன்னொரு காரியமும் செய்தாள். தொழிலாளர்களுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிற ரேச்சல் ஜெயசிங்குக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். ரேச்சல் இங்கேயே பிறந்த பெண், பெற்றோர் தூத்துக்குடி. தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பேசுவாள்.

கோமதி வீட்டுச் சமையலறையில், செண்பகாவும் கூட இருக்க, வடையைப் பிட்டுக்கொண்டே ரேச்சல் விவரம் சொன்னாள். கோமதிக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பேச்சுச் சுதந்திரம், சமத்துவம் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறார்களே, அப்புறம் எப்படி ஒருத்தி வாயை ஒரு கிடங்குக்காரன் அடைக்கலாம்?

“கான்ஸ்டிட்யூஷன் கவர்ன்மென்ட்டைத்தான் கட்டுப்படுத்தும், ஆன்ட்டி. கவர்ன்மென்ட் உங்க வாயைப் பொத்தக் கூடாது. ஆனா நீங்களே குத்தகைக்கு விட்டா? அதுக்குத்தானே புதுச் சட்டம் போட்டாங்க. உங்க உரிமை உங்க சொத்து, சொத்தை விக்கிறது உங்க சுதந்திரம்.”

“அப்ப சமத்துவம்?”

“எல்லாருக்கும் ஒரே உரிமை. அதை விக்கவும் எல்லாருக்கும் ஒரே உரிமை. வசதி இருக்கிறவன் விக்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.”

“நல்லா இருக்கு,” என்றாள் கோமதி. “எங்க ஊர்ல இத வேற பேரு சொல்லுவோம்.”

செண்பகா எதற்காகக் கழுத்தை நீட்டினாள் என்று ரேச்சல் கேட்கவேயில்லை. எல்லாரும் எதற்காக நீட்டினார்களோ அதற்குத்தான்: விசாவைக் கம்பெனி புதுப்பித்துத் தரும், தம்பியையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். இசக்கிராஜா அமெரிக்கா வந்ததே அக்காள் குரலை விற்ற கணக்கில்தான். அதை நினைக்கும்போதெல்லாம் செண்பகா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. குத்தகைக்கு விட்ட பேச்சைக் கோர்ட்டும் கேட்கக் கூடாது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஒருத்தர் தன் வாயால் எதைச் சொல்ல முடிகிறதோ, அது அவர் விற்காத பேச்சு, அதைக் கோர்ட் கேட்டே ஆகவேண்டும். சொல்ல முடிந்தால் சொந்தம், சொல்ல முடியாவிட்டால் விற்றது. ரேச்சல் பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த வாஷிங் மெஷின் பேச்சை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். செண்பகா கிரைண்டரைப் பார்த்துச் சொன்னாள். குரல் நிற்கவில்லை. ரேச்சலுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி மேல் போட்ட பழியை நீக்க வேண்டும், அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டக் கூடாது என்று உத்தரவு வேண்டும், அவ்வளவுதான் மனு.

விசாரணையன்று அடுக்குமாடியே கோர்ட்டுக்கு வந்துவிட்டது. சிலர் செண்பகாவுக்காக வந்தார்கள். பலர், கோமதி சொன்னது உண்மையா என்று பார்க்க வந்தார்கள். கார்த்தீசன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் இளைத்துப்போயிருந்தான் என்பதைக் கோமதியும் ஒத்துக்கொள்வாள்.

மொழிபெயர்ப்பாளர் வெங்கடவரதன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க நாலு பேர் வேண்டும், அப்பேர்ப்பட்டவர். வெயிலிலும் டை கட்டுவார். நாற்பது வருஷமாக அடுத்தவர் பேச்சைத் தன் வாயில் எடுத்துச் சொல்லிப் பிழைத்தவர்.

கூண்டில் செண்பகாவுக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் கூஜா இருந்தது. அவள் ஜட்ஜைப் பார்க்கவில்லை, கம்பெனி வக்கீலையும் பார்க்கவில்லை. கூஜாவைத் திட்டத் தொடங்கினாள். மூடியை வெளியிலிருந்து திருகியதைச் சொன்னாள், யார் திருகச் சொன்னது என்று சொன்னாள், உள்ளே ஒரு பிள்ளை கூஜாவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்ததைச் சொன்னாள், இன்றைக்கும் அந்த மூடி அப்படியே திருகிக்கிடக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னாள். குரல் ஓர் இடத்திலும் அடைக்கவில்லை. கடைசியில், “என் தம்பி தானா உள்ள போகல்ல, நீதான் வெளிய விடல்ல” என்று கூஜாவிடம் சொன்னபோது, தமிழ் தெரிந்தவர்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

வெங்கடவரதன் வரிக்கு வரி மாற்றிச் சொன்னார். இங்கிலீஷில் அது, ஒரு பெண் ஒரு கூஜாவின் மூடியைப் பற்றி மிகவும் மனம் நொந்து பேசுவதாகத்தான் வந்தது. கம்பெனி வக்கீல் பேரன் பேத்தி எடுத்த சாந்தமான முகத்தோடு எழுந்து, சாட்சிக்கு வேண்டுமானால் வேறு கூஜா வைக்கலாம் என்றார். சிலர் சிரித்தார்கள்.

ரேச்சல் எழுந்து, இது இவர்கள் சமூகத்தில் வழக்கமாக உள்ள பேச்சு முறை, மொழிபெயர்ப்பாளரையே கேளுங்கள் என்றாள். ஜட்ஜ் நல்ல மனுஷன். அவர் சிரிக்கவில்லை. வெங்கடவரதன் பக்கம் திரும்பி, இந்தப் பெண் உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

வெங்கடவரதன் கனைத்துக்கொண்டார். நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

மறுபடியும் முயன்றார். உதடு அசைந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போய் டையைத் தளர்த்தியது. பழுப்பு நிறத்தில் பொட்டு தெரிந்தது. அவருடைய ஏஜென்சி எப்போதோ ஒரு நாள் அந்தக் கிடங்கில் பயிற்சி வகுப்புக்கு அவரை அனுப்பியிருக்கிறது, அன்றைக்கு ஒட்டியது. கம்பெனியைப் பற்றி அதற்குப் பின் அவர் வாய் திறக்க வேண்டி வரவில்லை. அது இன்னும் வேலை செய்கிறது என்று அவருக்கே அந்த நிமிஷத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். மனுஷர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ரேச்சல் துள்ளி எழுந்தாள். “கூஜாவைப் பற்றிச் சொல்ல வந்திருந்தால் இவர் குரல் நின்றிருக்குமா? நின்றதே பதில் இல்லையா?” என்று கேட்டாள். ஜட்ஜ், பதிவில் ஏறுவது ஒலிதான், ஒலி இல்லாதது ஏறாது என்று சொல்லிவிட்டு, இந்த முறையை விளக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

கோமதி எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசச் சொல்லி ஒரு சபை அவளைப் பார்த்தது.

கம்பெனி வக்கீல் அவளிடம் ஜாடைப் பேச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் மாடி பல் டாக்டருக்கு டில்லியில் முதல் பெண்டாட்டி இருக்கிறாள் என்று சொன்னது நீங்கள்தானே? ஆமாம். இருக்கிறாளா? இல்லை, அது அவர் அக்காள். எதிர்வீட்டுப் பெண் ஓடிப்போனாள் என்றது? அவள் படிக்கப் போயிருந்தாள். தமிழ்ச் சங்கப் பொருளாளர் கைது ஆனார் என்றது? ஒவ்வொன்றுக்கும் அடுக்குமாடிக்காரர்கள் தந்த வாக்குமூலம் அவரிடம் இருந்தது. பின்வரிசையில் பல் டாக்டரே உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண்மணி சொல்வதில் எது உண்மை, எது வதந்தி என்று இவருக்கே தெரியாது என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்துகொண்டார். கோமதிக்குப் பொட்டு இல்லாமலே தொண்டை அடைத்தது.

தீர்ப்புச் சொல்லும்போது ஜட்ஜ் செண்பகாவைப் பார்த்தே பேசினார். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை, ரேச்சல்தான் சொன்னாள்.

“எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்குப் புரிந்தது சாட்சியம் ஆகாது. அரசு உங்கள் வாயைப் பொத்தியிருந்தால் இன்றைக்கே அந்தக் கையை எடுக்கச் சொல்லியிருப்பேன். பொத்தியது அரசு இல்லை. நீங்கள் சுதந்திரமான பெண், உங்களுடையதை விற்றிருக்கிறீர்கள். விற்றது செல்லாது என்று நான் சொன்னால், உங்கள் சுதந்திரத்தைப் பறித்தவன் நானாகிவிடுவேன்.”

செண்பகா அதைக் கேட்டுவிட்டு, ரேச்சலிடம் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்ப உள்ள இருக்கவங்க?”

ரேச்சல் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

கம்பெனி பெருந்தன்மையான கம்பெனி. யாரும் கேட்காமலே, கிடங்கின் உள்பக்கம் கதவருகில் ஒரு கம்பளியை மாட்டிவைத்தது. அடுத்த வாரம் எல்லாப் பொட்டுக்கும் ஒரு புதுப்பிப்பு வந்தது. செண்பகா கோர்ட்டில் பேசிய பேச்சையே பாடமாக வைத்து அதற்கு ஜாடையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று ரேச்சல் பிறகு சொன்னாள். அதிலிருந்து அடுக்குமாடியில் பெண்கள் பூனையைத் திட்ட வாய் திறந்தால்கூடப் பாதியில் காற்று வந்தது. அது கம்பெனியை நினைத்துத் திட்டியதா, பூனையைத்தான் திட்டியதா என்று பொட்டுக்குச் சந்தேகம் வந்தால், அது கம்பெனி பக்கமே நின்றது. மெல்ல மெல்ல எல்லாரும் எதையும் திட்டுவதை நிறுத்தினார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள், எவ்வளவு அமைதியான இடம் என்று மெச்சினார்கள்.

வெங்கடவரதன் தொழிலை விட்டுவிட்டு ஹூஸ்டனில் மகள் வீட்டோடு போய்விட்டார். பொங்கல் விழாவில் இப்போது வேறொருவர் மைக் பிடிக்கிறார். ரேச்சல் ஒரு வருஷம் மேல்முறையீடு என்று அலைந்தாள், பிறகு ஒரேகானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இப்போது உயில் எழுதிக் கொடுக்கிறாளாம். கார்த்தீசனை ஒஹையோவில் இருக்கும் இன்னொரு கிடங்குக்குப் பெரிய பொறுப்பில் அனுப்பினார்கள். விவாகரத்து ஆன கையோடு அங்கேயே ஒரு மதுரைப் பெண்ணை மணந்துகொண்டான். கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள், மாப்பிள்ளை ஒரு கதவையும் சாத்த விடுவதில்லை, குளியலறைக் கதவைக்கூட என்று சொன்னார்கள். இது கோமதி கட்டிய கதை இல்லை, மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது.

செண்பகா கோவில்பட்டிக்கே திரும்பிப் போனாள். குத்தகைக் காலம் முடியும்வரை கழற்ற முடியாத பொட்டும் அவளோடேயே போனது. எந்த நாட்டிலும் அது செல்லும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அங்கே தாயார் மாரிக்கனி, மகன் ஏன் செத்தான் என்று தினமும் கேட்பாளாம். இவள் வாயைத் திறப்பாள், மூடுவாள். இதைக் கேள்விப்பட்டுக் கோமதியால் பொறுக்க முடியவில்லை. எண்ணைத் தேடிப்பிடித்துப் போன் போட்டு, கதவு, பூட்டு, தட்டின சத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நேராகச் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு விஷயத்தைக் கண், காது, மூக்கு வைக்காமல் அவள் சொன்னது அது ஒன்றைத்தான்.

மாரிக்கனி கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: “உங்களப் பத்தி எல்லாரும் சொல்லிருக்காவம்மா. அப்படி ஒண்ணு நடந்திருந்தா பெத்தவகிட்ட எம் மக சொல்லாமலா இருப்பா? இந்தா, பக்கத்துலதான் நிக்கா. ஏட்டி செம்பா, இந்தம்மா சொல்லுதது நெசமா? சொல்லு.”

போனில் மூச்சுச் சத்தம் வந்தது. வெகுநேரம் வந்தது.

“பாத்தியளா,” என்றாள் மாரிக்கனி. “தலையக்கூட ஆட்ட மாட்டேங்கா. எம் மவன் விதி அம்புட்டுதான்னு இருந்திருக்கு. நீங்க இனிமே போன் போடாதீய.”

போன தை மாதம் செண்பகாவுக்குச் சிவகாசியில் இரண்டாம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் அது இரண்டாவதுதான். அச்சகம் வைத்திருக்கிறார், நல்ல இடம் என்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர் ஏதேதோ கேட்டாராம், இவள் எல்லாவற்றுக்கும் ஓரிரு வார்த்தையில் நின்றுகொண்டாளாம். அதிகம் பேசாத பிள்ளை என்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம்.